டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறது பள்ளி. மகனுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எடுப்பதா, வேண்டாமா?

ஈரோட்டுத் தாய்

வணக்கம். வெகுநாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகனுக்கு ஆறரை வயது. தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்று அழைத்துப் போனபோது குழந்தை மருத்துவர் "லேசான ஆட்டிசம்" என்று எழுதிக் கொடுத்தார். அன்று தொடங்கிய பேச்சுப் பயிற்சி இன்னும் நடக்கிறது. இப்போது வேண்டியதை இரண்டு மூன்று சொல் சேர்த்துக் கேட்டுவிடுவான். எழுத்து தெரியும். எதிரே வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை நாங்கள் பார்க்கும் முன்பே படித்துவிடுவான். ஆனால் கரும்பலகையைப் பார்த்து நோட்டில் எழுது என்றால் பென்சிலை வைத்துவிட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறான்.

சென்ற வாரம் முதல்வர் அழைத்தார். மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சலாம். வகுப்பில் அவன் கூடவே உட்கார்ந்து கவனிக்கும் ஷேடோ டீச்சரை நாங்களே ஏற்பாடு செய்து சம்பளமும் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டும். "சொந்தக் காரணங்களுக்காகப் பள்ளி மாற்றுகிறோம்" என்று கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள்.

தெரபி மையத்தில் மாற்றுத்திறனாளி என்ற அரசுச் சான்றிதழும் அடையாள அட்டையும் எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் ஒரே சண்டை. "கவர்மெண்டு ஏட்டில் பேர் ஏறிவிட்டால் அழியாது" என்கிறார் மாமியார். கணவர் வாயே திறக்கவில்லை. சான்றிதழ் எடுக்கலாமா? அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா, இல்லை சிறப்புப் பள்ளியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தறிநாடா

கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் எழுதவே வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஈரோட்டுத் தாய்

இன்னும் இல்லை அண்ணா. திங்கட்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்கள்.

மலைக்கோட்டை அப்பா

தறிநாடா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இந்தக் கடித விளையாட்டு ஊருக்கு ஊர் நடக்கிறது. "உங்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடியாது" என்று எந்தப் பள்ளியும் எழுதித் தராது. வாயால் சொல்வார்கள். எழுத்தில் வாங்குவது மட்டும் நம்மிடம். அந்தக் காகிதம் அவர்கள் கோப்புக்குள் போனபின் நீங்கள் எங்கே முறையிட்டாலும் "பெற்றோர்தான் விரும்பிப் போனார்கள்" என்று முடித்துவிடுவார்கள்.

என் மகனுக்கு இப்போது பதினைந்து. ஆட்டிசம்தான். இந்தப் பாதையை முழுதாக நடந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் மருத்துவர் அறிக்கை வேறு, அரசுச் சான்றிதழ் வேறு. அறிக்கையைக் காட்டித் தெரபி பெறலாம். சலுகை எதுவும் பெற முடியாது. சான்றிதழுக்கு ஒன்றிய அரசின் இணையதளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம் கேட்கும். பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு. ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐத் தொட்டால் ஆட்டிசம். பாதிக்கு மேல் கேள்விகளுக்கு விடை உங்கள் வாயிலிருந்துதான் போகும். அங்கே போய்ப் பிள்ளையின் பெருமையைப் பேசாதீர்கள். "நன்றாகச் சாப்பிடுவான்" என்று பொதுவாகச் சொல்லாமல், யார் ஊட்டுகிறார்கள், எதைத் தொடமாட்டான் என்று சொல்லுங்கள். நல்ல நாளை வைத்துச் சொல்லாமல், எல்லா நாளையும் வைத்துச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டில் 40 சதவீதம் என்பதுதான் வாசல். அதுவோ அதற்கு மேலோ என்றால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடும். இது 18 வரை போகும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும். தெரபிச் செலவில் ஒரு பகுதியையும் அதில் கேட்கலாம். சான்றிதழ் இல்லாமல் அந்தப் பக்கமே போக முடியாது.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். அட்டை உங்கள் பீரோவில்தான் இருக்கும். நீங்கள் காட்டினால் தெரியும், காட்டாவிட்டால் தெரியாது.

காவிரிக்கரை

மலைக்கோட்டை அப்பா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. "காட்டாவிட்டால் தெரியாது" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. என் மகளுக்குச் சான்றிதழ் எடுத்தோம். அன்றாட வேலைகளை வயதுக்கேற்பச் செய்கிறாளா என்று பார்க்கும் சமூக முதிர்ச்சி மதிப்பெண் 70க்கும் 84க்கும் இடையில், குறைபாட்டுக்கும் இயல்புக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டு நிலை. 25 சதவீதம் போட்டார்கள். 40 இல்லை, ஆகவே ஒரு சலுகையும் இல்லை. பள்ளிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அதற்கு முன்பு "கொஞ்சம் மெதுவான பிள்ளை" என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சர், பிறகு அவளுக்கு வண்ணம் தீட்டும் தாளைக் கொடுத்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். ஆண்டு முழுக்க வண்ணம்தான் தீட்டினாள். பெண் பிள்ளை, சொந்தத்தில் நாலு பேர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயத்தைக் கேலி செய்யாதீர்கள்.

மலைக்கோட்டை அப்பா

கேலி செய்யவில்லை அம்மா. அந்த டீச்சர் செய்தது அநியாயம். ஆனால் 25 சதவீதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் பட்டதற்கும், ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே தெரிந்து, இப்போது பள்ளியே வெளியே போகச் சொல்லும் நிலைக்கும் வேறுபாடு உண்டு. அந்தப் பள்ளிக்கு ஏற்கெனவே தெரியும். மறைக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. இனித் தேவைப்படுவது பிடித்துக்கொள்ள ஒரு காகிதம்.

காவிரிக்கரை

சரி, அந்த வரை ஒப்புக்கொள்கிறேன். எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு எந்தத் திட்டமும் இல்லை என்பதை மட்டும் யாராவது பேசுங்கள். நாங்கள் அந்தக் கரையும் இல்லை, இந்தக் கரையும் இல்லை.

தென்காசி பயிற்றுநர்

நான் பெற்றோர் அல்ல. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் சிறப்புப் பயிற்றுநர். இங்கே பேசலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஈரோட்டு அக்கா, உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்குப் போங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை யாரும் வரலாம். மருத்துவக் குழு அங்கேயே உட்காருவதால் அடையாள அட்டைக்கான வேலையில் பாதி அங்கே முடிந்துவிடும். முகாம் முடிந்துவிட்டது என்றால் அரசு மருத்துவமனைக்கே போகலாம். பல ஊர்களில் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும்தான் பார்ப்பார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அரசுப் பள்ளிக்கு மாற்றினால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. என் பொறுப்பில் இருக்கும் பள்ளிகளின் பெயரைச் சொல்லவே எனக்கு மூச்சு வாங்கும். உங்கள் மகன் பள்ளிக்கு எங்களில் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் வந்தால் அதுவே நல்ல வாரம். மற்ற நாள் எல்லாம் வகுப்பாசிரியர் கையில்தான். ஆகவே கட்டடத்தையும் ஸ்மார்ட் வகுப்பையும் பார்க்காதீர்கள். அந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர் யார் என்று பாருங்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இந்த ஒரு விஷயத்தில் பெரிய பள்ளிகளை அடித்துவிடும்.

நீங்கள் எழுதியிருக்கும் அதே இரண்டு சிக்கலும் உள்ள ஒரு பையன் எங்கள் பள்ளி ஒன்றில் இருக்கிறான். கரும்பலகைக்கும் நோட்டுக்கும் இடையே கண்ணை மேலும் கீழும் ஓட்டுவதுதான் அவனுக்கு மலையாக இருந்தது. டீச்சர் எழுதவேண்டிய வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவன் நோட்டுக்கு மேலேயே ஒட்டிவிடுவார். கீழே அவன் எழுதுவான். மணி அடிப்பதற்குச் சற்று முன் தோளைத் தொட்டு "மணி வரப்போகிறது" என்பார். அவனும் காதைப் பொத்திக்கொண்டு இடத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஷேடோ டீச்சர் இல்லை, செலவு ஒரு பசைக் குச்சி. இதற்கு மனம்தான் வேண்டும் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். முப்பது நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் டீச்சருக்கு இதுவும் பாரம்தான். ஆனால் நீங்கள் "என் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. "வரியைத் துண்டுத் தாளில் தாருங்கள், மணிக்கு முன் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

உங்கள் பிள்ளைக்கென்று தனியாக இலக்குகளை எழுதும் தனிநபர் கல்வித் திட்டம் போடும்போதும் அப்படித்தான். "கவனம் மேம்படும்" என்று எழுதினால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடலாம். "காலாண்டுத் தேர்வுக்குள், புத்தகத்தை எடு, பக்கத்தைத் திற என்று சேர்த்துச் சொன்னால் இரண்டையும் செய்வான்" என்று எழுதச் சொல்லுங்கள். நடந்ததா இல்லையா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

இன்னொன்று, தெரபி மையத்தில் யாராக இருந்தாலும் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஆறு வாரப் பயிற்சியை முடித்துவிட்டுப் பலகை மாட்டியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

நியூஜெர்சி அத்தை

படிக்கவே வேதனையாக இருக்கிறது. இங்கே அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் கல்விக்கு 1975லேயே சட்டம் வந்துவிட்டது. ஆண்டுதோறும் கூட்டம் போட்டுத் தனிநபர் கல்வித் திட்டத்தைப் புதுப்பித்தாக வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் முதல் திட்டத்தைத் தொடங்கவே முடியாது. அங்கேயும் ஏன் கேட்கக் கூடாது?

தறிநாடா

அத்தை, இங்கே தனிநபர் கல்வித் திட்டம் சட்டப்படி கட்டாயமில்லை. உங்கள் ஊர்ச் சட்டத்தை வைத்து எங்கள் ஊர் முதல்வரிடம் பேசினால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

நியூஜெர்சி அத்தை

உண்மைதான் தம்பி. சட்டம் இருக்கும் இடத்திலும் சும்மா கிடைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கூட்டத்தில் எதிரே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், இந்தப் பக்கம் நானும் அவரும். பேசி முடித்து வந்ததும் அன்றிரவே "இன்று நீங்கள் ஒப்புக்கொண்டவை இவை" என்று மின்னஞ்சல் போட்டுவிடுவேன். மறுப்பு வராவிட்டால் அதுதான் ஆவணம். இதை எந்த நாட்டிலும் செய்யலாம் அல்லவா?

படிக்கட்டு வக்கீல்

அத்தை சொன்னது அருமையான வழி. சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு: 8ஆம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2019இல் திருத்தியபோது ஃபெயில் போடும் வழியைத் திறந்தார்கள், வெளியேற்றத் தடையைத் தொடவில்லை. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் பொருந்தாது, 2014இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் பள்ளி எந்த வகை என்று முதலில் பாருங்கள். சிறுபான்மைப் பள்ளியாக இருந்தாலும் கை கழுவிவிட முடியாது. 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளைப் பற்றியது. பாகுபாடின்றிச் சேர்ப்பது, குழந்தையின் தேவைக்கேற்ற வசதி செய்வது எல்லாம் அதில் வருகிறது. (இரண்டு சட்டத்திலும் 16தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

யாரிடம் போவது? முதலில் பள்ளி முதல்வருக்குக் கடிதம், ஒப்புதல் கையெழுத்தோடு. பிறகு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். அதற்கும் அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். நீதிமன்றம் கடைசி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை வழக்கு நடக்கும் பள்ளியில் தினமும் விட்டுவிட்டு வர உங்களுக்கு மனம் வராது, எனக்கும் வராது.

உப்பாற்றங்கரை

எல்லோரும் சாதாரணப் பள்ளியையே பேசுகிறீர்கள். சிறப்புப் பள்ளி என்றாலே தள்ளிவிடப்பட்ட இடம் மாதிரி. என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, பேச்சு கிடையாது, தானாகக் கழிவறை போகப் பழகியதே சிறப்புப் பள்ளியில்தான். அதற்கு முன்பு சாதாரணப் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஆயாவிடம் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். வருகைப் பதிவேட்டில் மட்டும், எல்லோரோடும் சேர்ந்து படிக்கும் "உள்ளடங்கிய கல்வி". அவனுக்கு அங்கே என்ன கிடைத்தது?

ஈரோட்டுச் சகோதரியின் பையன் படிக்கிறான், பேசுகிறான், அவனுக்குச் சாதாரணப் பள்ளிதான். நான் மறுக்கவில்லை. ஆனால் தீவிரக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள். அவர்கள் குற்ற உணர்ச்சியோடு எழுந்து போகக் கூடாது. வெளியே வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டு வழிக் கல்வி கேட்கும் உரிமையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்திருக்கிறது. ஆனால் அதைப் பள்ளிக்காரர்கள் நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது நாம் கேட்டால் கிடைக்கவேண்டியது, அவர்கள் தள்ளிவிடுவதற்கான வழியல்ல.

தென்காசி பயிற்றுநர்

இதை ஃபிரேம் போட்டு மாட்டவேண்டும் அக்கா. பதிவேட்டில் மட்டும் இருக்கும் பிள்ளைகளை நாங்களும் பார்க்கிறோம்.

ஈரோட்டுத் தாய்

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கடிதம் கொடுக்கவில்லை. இந்த இழையைக் கணவரிடம் அப்படியே படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "மெடிக்கல் போர்டு என்றைக்கு உட்காருகிறது என்று கேட்டு வருகிறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மாமியாருக்கு இன்னும் முகம் சரியில்லை.

மதிப்பீட்டுக்குப் போய்வந்தோம். வரிசை நீளம், மகன் பொறுமை இழந்துவிட்டான். உளவியலாளர் ஒரு மரப்பலகையை மேசையில் வைத்தார். பத்துக் குழிகள், பத்துக் கட்டைகள்: வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை என்று. நேரக் கருவியை அழுத்தினார். மளமளவென்று வைத்துக்கொண்டே வந்தவன் நட்சத்திரத்தை மட்டும் வைக்காமல் மேசைமேல் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் ஓடுகிறதே என்று எனக்குக் கை பரபரத்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்து நிறுத்திவிட்டார். பிறகு கேள்விகள். மலைக்கோட்டை அண்ணா சொன்னபடி உள்ளதை உள்ளபடி சொன்னேன். 40 சதவீதத்துக்கு மேல் வந்திருக்கிறது. அட்டை தபாலில் வருமாம்.

அந்தப் பள்ளியிலேயே இந்த ஆண்டை முடிக்க முடியுமா என்று பார்க்கிறோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம், டீச்சரிடம் பேசினேன், பிடித்திருக்கிறது. முதல்வருக்கு நான் எழுதியது கீழே. சரியா என்று சொல்லுங்கள்.

"ஐயா, எங்கள் மகனுக்கு ஆட்டிசம் உள்ளது, அரசு மருத்துவமனையின் மதிப்பீட்டு நகல் இணைக்கப்பட்டுள்ளது. அவனுக்கென ஷேடோ டீச்சரை நாங்களே நியமிக்க வேண்டும், இல்லையேல் மாற்றுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று தாங்கள் வாய்மொழியாகத் தெரிவித்தீர்கள். அவன் தங்கள் பள்ளியிலேயே தொடர விரும்புகிறோம். எழுதவேண்டிய பாடத்தைத் துண்டுத் தாளில் தருவது, முதல் வரிசையில் அமர்த்துவது, மணி அடிப்பதை முன்கூட்டிச் சொல்வது ஆகிய மூன்று வசதிகளை வேண்டுகிறோம். இவற்றைச் செய்துதர இயலாது எனில் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். தங்கள் பள்ளி எங்கள் மகனை நன்றாகவே நடத்திவருகிறது. ஏதேனும் குறையிருந்தால் மன்னிக்கவும்."

படிக்கட்டு வக்கீல்

கடைசி இரண்டு வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்க நீங்கள் என்ன செய்தீர்கள்? "நன்றாகவே நடத்திவருகிறது" என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அதையே எடுத்து நீட்டுவார்கள். முதல்வர் பேசிய தேதியைச் சேருங்கள். மற்றபடி கச்சிதம். நேரில் கொடுங்கள், நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

ஈரோட்டுத் தாய்

அடித்துவிட்டேன். நாளைக் காலை கணவரும் கூட வருகிறார்.

செம்மண்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறாள், கணக்கில் கெட்டிக்காரி. டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் என்கிறார்கள். நாங்களும் இப்போதே சான்றிதழ் எடுக்கவேண்டுமா?

மலைக்கோட்டை அப்பா

கற்றல் குறைபாட்டுக்கு 8 வயது முடியாமல் சான்றிதழ் தரமாட்டார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி எடுக்கவேண்டும், 18இல் எடுப்பது ஆயுளுக்கும் செல்லும். இப்போதைக்குக் கண், காது இரண்டையும் பரிசோதித்துவிட்டுப் படிப்புப் பயிற்சியைத் தொடங்குங்கள், அதற்குச் சான்றிதழ் தேவையில்லை. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்கத் தொடங்கிவிடுங்கள், பத்தாம் வகுப்பு பாதியில் ஓடாதீர்கள்.

மற்றதற்குத் தனி இழை தொடங்குங்கள் அம்மா, அங்கே வருகிறேன். காவிரிக்கரை அம்மாவும் அங்கே வந்தால் நல்லது.